பனிக்கு அடியில் இராஜம்மா

தென்துருவத்துப் பனிக்கு அடியில் இராஜம்மா காணாமல் போன செய்தி பிரிக்பீல்ட்ஸில் அநேகமாக எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? வீடு வீடாகச் சொல்லி வைத்தவளே இராஜம்மாதானே.

காணாமல் போனது ஒரு மிதவை. மஞ்சள் நிறம், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு, கேஸ் சிலிண்டர்த் தோம்பை இழுத்து நீட்டிவிட்டது போல உடம்பு, தலையில் ஓர் ஆன்டெனா. அதன் வயிற்றில் கறுப்பு மார்க்கரால் ‘இராஜம்மா’ என்று தமிழில் எழுதியிருந்தது. எழுதியவள் அவளுடைய மருமகள் மலர்விழி.

மலர்விழிக்கு ஸ்ரீ கெம்பாங்கான் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை. கடல் ஆராய்ச்சி. மகன் யுகேந்திரனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்த புதிதில் இராஜம்மாவுக்கு அந்த வேலை இன்னதென்று பிடிபடவே இல்லை.

“மீன் சம்பந்தப்பட்டதா மா?”

“இல்ல அத்தை. தண்ணி மட்டும்தான்.”

“தண்ணிய பத்தி படிக்க என்ன இருக்கு? பைப்ப தொறந்தா வருது.”

பாதி ஆயுளை கே.டி.எம். ரயில்வேயின் டிக்கெட் கவுன்ட்டரில் கழித்து ஓய்வு பெற்றவள் இராஜம்மா. எந்த ரயில் எங்கே போகும், எங்கே மாற வேண்டும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள். ஆனால் வீட்டுக்கு வந்த பெண் கப்பலேறித் தென்துருவத்துக்குப் போகப் போகிறாள் என்றதும் அவளுக்கே வழி தெரியாமல் போய்விட்டது. அழுதாள், கோபித்துக்கொண்டாள், பிறகு நெத்திலிச் சம்பலை இரண்டு பெரிய டப்பாவில் அடைத்துப் பெட்டிக்குள் திணித்தாள். “அந்தக் குளிர்ல நாக்கு செத்துப் போயிரும்லா. வச்சுக்கோ.”

கப்பலிலிருந்து ஒருநாள் காணொளி வந்தது. தடித்த சட்டை போட்ட இரண்டு பேர் மஞ்சள் மிதவையைக் கயிற்றில் கட்டி இறக்குகிறார்கள்; மலர்விழி குளிரில் மூக்கு சிவக்கச் சிரித்துக்கொண்டு கைகாட்டுகிறாள்; மிதவை கறுத்த தண்ணீரில் ஒருமுறை தலையாட்டிவிட்டு முழுகிப் போகிறது.

“ஏங்க, இங்க பாருங்க!” என்று இராஜம்மா கணவனைக் கூப்பிட்டாள். “என் பேர எழுதி கடல்ல தூக்கிப் போடுறா!”

தம்புசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். “நான் ரொம்ப நாளா நெனச்சத அந்தப் புள்ள செஞ்சிருச்சு,” என்றார்.

அன்றைக்கு அவருக்கு இரவுச் சாப்பாடு தாமதமாகத்தான் கிடைத்தது.

மலர்விழி ஊர் திரும்பிய பிறகு விவரம் சொன்னாள். அந்தக் கப்பலில் மிதவை இறக்கும்போது ஆளுக்கொரு பெயர் வைக்கலாமாம். மூன்று மிதவைகளில் ஒன்று அவள் பங்குக்கு வந்தது. “என்ன பேரு வைக்கலாம்னு யோசிச்சேன். எங்க விட்டாலும் வழி கண்டுபிடிச்சு வர்ற ஆளு வேணும். உங்க பேருதான் ஞாபகம் வந்துச்சு.”

மறுநாள் காலையில் மருமகளுக்குக் கேட்காமலேயே நெய் தோசை வந்தது.

அதற்குப் பிறகு அந்த மிதவை அந்த வீட்டில் ஒரு ஆளாகிவிட்டது. அது கடலின் அடித்தரையில் தங்கும். பத்து நாளைக்கு ஒருமுறை, வழியெல்லாம் தண்ணீரின் குளிரையும் உப்பையும் அளந்துகொண்டே மேலே வரும். வந்து, தான் இருக்கும் இடத்தையும் கண்டதையும் செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிட்டு மறுபடி முழுகும். கைப்பேசியில் ஒரு வரைபடம் உண்டு. அதில் ஒரு புள்ளி. மற்றவர்கள் தங்க விலை பார்ப்பது போல இராஜம்மா தினமும் அந்தப் புள்ளியைப் பார்த்தாள். நடைப்பயிற்சிப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தியும் போட்டாள்: ‘இன்று மேலே வந்தேன். நலம்.’

கிள்ளானில் புடவைக் கடை வைத்திருக்கும் சௌதா அதைப் படித்துவிட்டு போன் போட்டாள். இருவருக்கும் பள்ளிக்கூட நாள் தொட்டு நட்பு. “அது அப்படியே நீதான் ராஜம்மா. பத்து நாளைக்கு ஒருக்கா தலைய காட்டுது, ஊரு கதைய பூரா சொல்லுது, போயிருது.”

ஏப்ரல் வந்ததும் புள்ளி நின்றுவிட்டது.

பத்து நாள் போனது. இன்னொரு பத்து நாளும் போனது. இராஜம்மா கைப்பேசியை எடுத்துக்கொண்டு மருமகளின் அறைக்குப் போனாள்.

“என்னமா, என்னைக் காணோம்?”

மலர்விழி சிரித்தாள். “அங்க குளிர்காலம் ஆரம்பிச்சிருச்சு அத்தை. மேல பூரா பனி மூடிருக்கும். முட்டிக்கிட்டு வந்தா ஆன்டெனா ஒடஞ்சிரும். அதுக்கு அறிவு வச்சு அனுப்பிருக்கோம். மேல வரும்போது தண்ணி ஒறையிற அளவுக்கு குளிரா இருந்தா, பனி இருக்குன்னு தெரிஞ்சுக்கும், திரும்பிப் போயிரும். அளந்தத எல்லாம் உள்ளயே வச்சுக்கும். பனி ஒடஞ்சா வந்து மொத்தமா சொல்லும்.”

“இவ்வளவு கஷ்டப்பட்டு அங்க போயி உக்காந்து என்னத்த பாக்கணும்?”

மலர்விழி நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தாள். இந்தக் கேள்விக்காக ஒரு வருடமாகக் காத்திருந்தவள் போல அவள் முகம் மலர்ந்தது.

“கடல் தண்ணி ஒறையும்போது உப்பு பனிக்குள்ள போகாது அத்தை. பனி உப்ப வெளிய தள்ளிரும். அப்ப கீழ மிச்சம் இருக்கிற தண்ணியில உப்பு ஏறிக்கிட்டே போகும். ஏற்கெனவே நல்ல குளிரு, இப்ப உப்பும் கூடுது. கனமாயிரும். கனமானா?”

“முழுகும்.”

“அதான். கரையோரத்துல ஆழம் கம்மியான திட்டுல சேந்து, வெளிம்பு வழியா வழிஞ்சு, சரிவுல எறங்கி, கடலோட அடித்தரைக்கே போயிரும். அங்கேருந்து வடக்க பரவ ஆரம்பிக்கும். உலகத்துக் கடல்ல அடியில கெடக்கற குளிர்ந்த தண்ணியில பெரும்பகுதி இப்படி பொறந்ததுதான். ஆனா அது பொறக்கறது நடுக் குளிர்காலத்துல, இருட்டுல, பனிக்கு அடியில. கப்பல் போக முடியாது. நாங்க மிதவைய எறக்குன விரிகுடாவுல குளிர்காலத்துல என்ன நடக்குதுன்னு இது வரைக்கும் யாரும் அளந்ததில்ல.”

இராஜம்மா கைப்பேசியில் நின்றுபோன புள்ளியைப் பார்த்தாள். “அப்ப நான் அங்க பிரசவம் பாக்கப் போயிருக்கேன்னு சொல்லு.”

மலர்விழி சிரித்த சிரிப்பில் கூடத்திலிருந்து தம்புசாமி எட்டிப் பார்த்தார். அன்று மாலையே குழுவில் செய்தி போய்ச் சேர்ந்தது: ‘கடலுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருக்கிறேன். வரத் தாமதமாகும்.’

தாமதம் என்றால் தாமதம், அப்படி ஒரு தாமதம். தீபாவளிக்கு வந்துவிடும் என்று இராஜம்மா கணக்குப் போட்டிருந்தாள். தீபாவளி வந்தது, போனது. மற்ற இரண்டு மிதவைகளில் ஒன்று எங்கோ திறந்த கடலில் தலைகாட்டியது. அது பனி மூடுவதற்கு முன்பே விரிகுடாவை விட்டு விலகிப் போயிருந்தது. இன்னொன்றிடமிருந்து தகவலே இல்லை. டிசம்பர் பிறந்தபோது மலர்விழி வரைபடத்தைத் திறப்பதையே நிறுத்தியிருந்தாள். சாப்பாட்டில் கை ஓடவில்லை. கேட்டால், “இந்த வருஷம் பனி ஒடைய லேட்டு அத்தை,” என்பாள். யுகேந்திரன் சமையலறையில் தாயின் காதோடு சொன்னான்: “புதன்கிழமை மீட்டிங்காம்மா. தொலைஞ்சு போச்சுன்னு முடிவு பண்ணப் போறாங்களாம். நீங்க எதுவும் கேக்காதீங்க.”

இராஜம்மா கேட்கவில்லை. ஆனால் புள்ளியைப் பார்ப்பதை மட்டும் விடவில்லை.

அந்தப் புதன்கிழமை காலையில் அவள் கே.எல். சென்ட்ரலில் புறநகர்க் கம்யூட்டர் ரயில் ஏறினாள். கிள்ளானுக்குப் பயணம். நாத்தனார் மகள் கல்யாணத்துக்குச் சௌதா கடையில் புடவை எடுக்க வேண்டும். ஜன்னலோர இடம் கிடைத்தது. வழக்கம் போலக் கைப்பேசியைத் திறந்தாள்.

புள்ளி பழைய இடத்தில் இல்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். விரிகுடாவுக்குள் இருந்த புள்ளி வெளியே வந்து, வடமேற்கில் தள்ளி நின்றது. பக்கத்தில் தேதி: நேற்று.

“வந்துட்டேன்!” என்று இராஜம்மா கத்திவிட்டாள்.

பெட்டி முழுவதும் திரும்பிப் பார்த்தது. எதிரில் உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெண்மணி பதறிப்போய், என்ன ஆச்சு அக்கா என்று மலாயில் “கெனாப்பா, காக்?” என்றாள்.

“சாயா சுடா நாயிக்!” என்றாள் இராஜம்மா. நான் மேலே வந்துவிட்டேன் என்று அர்த்தம். ஆனால் மலாயில் ரயில் ஏறுவதற்கும் அதே ‘நாயிக்’தான்.

அந்தப் பெண்மணி ரயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “யா லா, காக். சுடா நாயிக்,” என்று இதமாகச் சொல்லித் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

மலர்விழிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அணைத்து வைத்திருந்தாள். மீட்டிங் ஆரம்பித்திருக்கும். தொலைந்து போச்சு என்று இந்நேரம் எழுதிக்கொண்டிருப்பார்களோ?

பல்கலைக்கழகத்துக்கே போய்விடுவதென்று பெட்டாலிங் நிறுத்தத்தில் இறங்கினாள். பாலத்தைக் கடந்து எதிர்த் தடத்துக்குப் போய் நிற்கவும் ரயில் வரவும் சரியாக இருந்தது. மறுபடி கே.எல். சென்ட்ரல், அங்கிருந்து சிரம்பான் போகும் ரயில், செர்டாங்கில் இறக்கம். நடுவில் சௌதாவிடமிருந்து போன்.

“எங்க இருக்க? டீ ஆறுது.”

“இன்னைக்கு வரலலா. நான் மேல வந்துட்டேன்!”

மறுமுனையில் “அல்ஹம்துலில்லாஹ்!” என்று சௌதா போட்ட கூச்சலில் கடையில் இருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று கேட்பது இராஜம்மாவுக்கும் கேட்டது.

செர்டாங்கிலிருந்து கிராப் டாக்சி பிடித்தாள். பல்கலைக்கழக வாசலில் பதிவு செய்துவிட்டு, துறைக் கட்டடத்தைக் கேட்டுக் கேட்டுப் போய், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மருமகளைக் கண்டுபிடித்தாள். நீள மேசையைச் சுற்றி ஆறேழு பேர். துறைத் தலைவர் அத்னான் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். மலர்விழி தலையைக் குனிந்து பேனாவைத் திருகிக்கொண்டிருந்தாள்.

தட்ட வேண்டும் என்று இராஜம்மாவுக்குத் தோன்றவே இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மலர்விழி எழுந்துவிட்டாள். முகம் வெளுத்துப்போனது. “அத்தை? வீட்ல யாருக்காச்சும்...”

“வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க. நான் வந்துட்டேன்.”

“அதான் பாக்கறேனே. எதுக்கு வந்தீங்க?”

“ஐயோ, நான் இல்ல மா. நான்!” என்று கைப்பேசியை நீட்டினாள் இராஜம்மா.

மலர்விழி வாங்கிப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். கைப்பேசியைத் துறைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தவளுக்கு அவசரத்தில் கடவுச்சொல் இரண்டு முறை தப்பாகப் போனது.

“இங்க உக்காருங்க ஆன்டி,” என்று அத்னான் தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். “மலர், டேட்டா வருதா?”

“வந்துக்கிட்டு இருக்கு டாக்டர். ஏப்ரல்லேருந்து... எல்லாம் வருது. எல்லாம்!”

குளிர்காலம் முழுவதும் அந்த மிதவை இருட்டில் சேர்த்து வைத்த சேதியெல்லாம் ஒவ்வொன்றாக இறங்கியது. மலர்விழி அவற்றைக் கோடுகளாக்கித் திரையில் போட்டாள். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். இராஜம்மாவுக்கு மட்டும் முன்னால் இடம்.

“இது ஏப்ரல் அத்தை. பாருங்க, மேல ஒரு மாதிரி தண்ணி, கீழ ஒரு மாதிரி தண்ணி. இது ஜூன். இப்ப மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே குளிரு. கலந்திருச்சு. உப்பு மட்டும் கூடிக்கிட்டே போகுது. ஜூலை, இன்னும் கூடுது.” அவள் பேச்சு திடீரென்று நின்றது. “டாக்டர். ஆகஸ்ட்ட பாருங்க. தரை ஆழமாயிக்கிட்டே போகுது.”

அத்னான் குனிந்தார். “தரை எப்படி ஆழமாகும்? இது தரையிலதானே தங்குது?”

“அதான்! தரையில தங்கற மிதவைய தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. திட்ட விட்டு வெளியேத்தி, சரிவுல எறக்கிருக்கு. இங்க பாருங்க, மேல பூரா கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணி. அடியில, தரைய ஒட்டுனாப்புல மட்டும், மெல்லிசா, நல்ல குளிரு.”

பின்னால் நின்றவர்கள் திரையை நோக்கி இன்னும் குனிந்தார்கள்.

இராஜம்மா திரையை உற்றுப் பார்த்தாள். கோடுகள், கோடுகள். அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. “இதுல பிள்ளை எது மா?”

மலர்விழி அந்தக் கோட்டின் கீழ்க்கோடியில், வளைந்து திரும்பும் சின்ன மூக்கைத் தொட்டுக் காட்டினாள். “இது. பனிக்கு அடியில கனத்துப்போன தண்ணி, சரிவுல எறங்கிக்கிட்டு இருக்கு. நீங்க அதோடவே எறங்கிருக்கீங்க அத்தை.”

சொல்லிவிட்டு மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். அத்னான் கன்டீனுக்கு ஆளனுப்பித் தே தாரிக் டீயும் கரிபாப் பலகாரமும் வரவழைத்தார். மீட்டிங்கில் என்ன முடிவெடுத்தார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

அத்தோடு இராஜம்மா விடுவாளா? “பிரசவம் பாத்தாச்சு. விருந்து வேணாமா?” என்று ஞாயிற்றுக்கிழமைக்கு அடுக்குமாடியின் கீழ்த்தளக் கூடத்தைப் பிடித்தாள். நடைப்பயிற்சிப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். செலாயாங்கிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்தது. அத்னான் மனைவி நிலோபரோடு வந்தார். சௌதா ஒரு அண்டா பிரியாணியோடு கிள்ளானிலிருந்து வந்து இறங்கினாள். அவளோடு மகன் ஜுஹைரும் தன் கண்ணாடி மீன்தொட்டியோடு வந்தான். மீன்களை வாளியில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னான். தொட்டியைக் கேட்டவள் மலர்விழி. வந்தவர்களுக்குக் கோடு காட்டினால் புரியாது, தண்ணீரையே காட்டிவிடலாம் என்று அவளுக்கு ஓர் எண்ணம்.

தொட்டியில் தண்ணீர் நிரப்பி, தரை ஓடு ஒன்றைச் சாய்த்து வைத்தாள். ஒரு ஜாடியில் சிவப்பு ரோஜா சிராப்பைக் கலந்து, கை கையாக உப்பை அள்ளிப் போட்டு, ஐஸில் குளிர வைத்தாள். “இதான் பனிக்கு அடியில இருக்கற தண்ணி. ஓடு கடலோட சரிவு. எல்லாரும் பாருங்க,” என்று சொல்லி, படபடப்பில் சாய்த்த வேகத்தில் பாதி ஜாடி ஒரேயடியாகத் தொட்டிக்குள் விழுந்தது. தொட்டி முழுவதும் இளஞ்சிவப்பு.

கூடம் அதிரச் சிரித்தது. “இது கடலா, பால் ஊத்துன சிராப் பண்டோங்கா?” என்றாள் சௌதா.

மலர்விழியும் சிரித்துவிட்டாள். “இதுவும் உண்மைதான் ஆன்டி. எறங்கற வழியில சுத்தி இருக்கற தண்ணிய இழுத்துக் கலந்துக்கிட்டுத்தான் போகும். ரொம்பக் கலந்துட்டா கனம் போயிரும், அடிக்குப் போகாது.”

ஜுஹைர் தொட்டியைக் கழுவி மறுபடி நிரப்பினான். இந்த முறை ஜாடியை மலர்விழி மாமியார் கையில் கொடுத்தாள். இராஜம்மா முழங்கையைத் தொட்டி விளிம்பில் ஊன்றி, நூல் போல ஊற்றினாள்.

சிவப்பு கலையவில்லை. ஓட்டின் மேல் ஒட்டிக்கொண்டு மெல்லிய துணி போலச் சரிந்தது. அதன் மேல்விளிம்பில் சின்னச் சின்னச் சுருள்கள் எழும்பித் தெளிந்த தண்ணீரை உள்ளே இழுத்தன. இறங்க இறங்க நிறம் வெளுத்தது, தடிமன் கூடியது. தரையைத் தொட்டதும் நிதானமாக விரிந்து, தொட்டியின் மறுகோடிக் கண்ணாடி வரைக்கும் போய்ப் படுத்துக்கொண்டது. மேலே தண்ணீர் ஒன்றும் நடக்காதது போலத் தெளிவாக நின்றது.

“அடேயப்பா,” என்றாள் சௌதா. சத்தம் தாழ்ந்திருந்தது. “அந்தத் தண்ணி நம்ம பக்கம் எப்ப வரும் மா?”

“கிள்ளான் பக்கம் வராது ஆன்டி, இங்க கடல் ஆழமே இல்ல. ஆனா சபா மாநிலத்துக்கு அந்தப் பக்கம் ஆழ்கடல் இருக்கு. மேல குளிக்கற மாதிரி சூடு, அடியில ஃபிரிஜ்ஜுக்குள்ள இருக்கற குளிரு. அங்க கெடக்கற தண்ணி துருவத்துப் பக்கம் எப்பவோ முழுகி, மத்த தண்ணியோட கலந்து கலந்து, பல நூறு வருஷம் நடந்து வந்தது.”

“பல நூறு வருஷமா! எங்க கடைக்கு வர்ற சரக்கே தேவல.” சௌதா தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அடுத்த மிதவைக்கு என் பேர வை மா.”

“உன் பேர வச்சா அது முழுகவே முழுகாது,” என்றாள் இராஜம்மா. “மேலயே நின்னு பேசிக்கிட்டு இருக்கும்.”

“மேலேயும் ஒரு ஆளு வேணும்ல? நீ அடியில என்ன பண்றேன்னு நான்தானே ஊருக்குச் சொல்லணும்!”

அதற்குள் இலை போட்டாகிவிட்டது. பிரியாணியின் வாசம் கூடத்தைச் சுற்றி வந்தது. பரிமாறுவதற்கு முன்னால் தாகமாக இருக்கிறதென்று தம்புசாமி மேசையிலிருந்த ஜாடியைக் கண்டார். ஒரு குவளை நிறைய ஊற்றி, அண்ணாந்து ஒரே மடக்கு.

அடுத்த கணம் அவர் முகம் போன போக்கைப் பார்த்து மலர்விழி ஓடி வந்தாள். “மாமா! அது உப்புத் தண்ணி!”

தம்புசாமி வாயைத் துடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட, மனைவியைப் பார்த்தார்.

“இத்தனை மாசம் இதுலதான் இருந்தியா நீ?” என்றார். “பாவம்லா.”

இராஜம்மா சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவருக்கு நல்ல தண்ணீர் ஒரு குவளை ஊற்றிக் கொடுத்து, அவருடைய இலையில் முதல் கரண்டிப் பிரியாணியைத் தானே வைத்தாள்.